10 மில்லி ரத்தத்தில் ஒரு பூஞ்சை

சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கி நாட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குடிநுழைவுச் சோதனையைக் கடக்க வேண்டும். வந்திருப்பவர் யார், கடப்பிதழில் உள்ளவரும் அவரும் ஒருவர்தானா, அவரால் ஆபத்து உண்டா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிட வேண்டும்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சீமெய்யில் 1997 முதல் இயங்கிவருகிறது சாங்கி பொது மருத்துவமனை. இதைப் போன்ற பெரிய மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் ஆய்வகங்களிலும் இரவு பகலாக இதே மாதிரி ஒரு சோதனை நடக்கிறது. அங்கே சோதிக்கப்படும் பயணிகள், நோயாளியின் ரத்தத்துக்குள் நுழைந்துவிட்ட கிருமிகள். அவற்றில் பிடிப்பதற்கு மிகவும் சிரமம் தருவது பூஞ்சை.

ரத்தத்தில் பூஞ்சை இருக்கிறதா? இருந்தால் அது எந்தப் பூஞ்சை? எந்த மருந்துக்கு அது அடங்கும்? ஆய்வகம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இந்த மூன்றுதான். ஒவ்வொரு பதிலுக்கும் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கு விலை உண்டு.

பூஞ்சை எப்படி ரத்தத்துக்குள் வருகிறது?

ரத்தத்தில் நுழையும் பூஞ்சைகளில் முதலிடம் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைக்கு. இது வெளியிலிருந்து வந்த அந்நியர் இல்லை. நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் தோலிலும் தொந்தரவு தராமல் வாழ்வதுதான். உடன் வாழும் பாக்டீரியாக்களும், உடலின் எதிர்ப்பாற்றலும், குடலின் சுவரும் அதை அடக்கி வைத்திருக்கின்றன.

இந்த மூன்றும் ஒரே சமயத்தில் பலவீனமாகும் இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 68. நீரிழிவு உள்ளவர். குடலில் அறுவை சிகிச்சை முடிந்து 9 நாள் ஆகிறது. வாய்வழியாகச் சாப்பிட முடியாததால், கழுத்தில் உள்ள பெரிய சிரைக்குள் குழாய் செலுத்தி ஊட்டச்சத்து ஏற்றுகிறார்கள். பல வகை பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்தும் தொடர்ந்து போகிறது. அந்த மருந்து குடலில் உள்ள பாக்டீரியாக்களை அழித்து, கேண்டிடா பெருக இடம் கொடுக்கிறது. அறுவை சிகிச்சை குடல் சுவரில் வழி திறக்கிறது. கழுத்துக் குழாயின் பிளாஸ்டிக் பரப்பு, பூஞ்சை படலமாக ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மாலை அவருக்குக் காய்ச்சல் ஏறுகிறது. ரத்த அழுத்தம் சற்று இறங்குகிறது. இது பாக்டீரியாவா, பூஞ்சையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

நாள் கடந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் 4 மருத்துவமனைகளைச் சேர்ந்த 230 நோயாளிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. அனைவருக்கும் ரத்தத்தில் கேண்டிடா இருந்தது. அனைவருக்கும் ஃபுளூகோனசோல் என்ற மருந்து தரப்பட்டது. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த அன்றே மருந்து தொடங்கியவர்களில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள். மறுநாள் தொடங்கியவர்களில் 24 சதவீதம். இரண்டு நாள் கழித்துத் தொடங்கியவர்களில் 37 சதவீதம். மூன்று நாளோ அதற்கு மேலோ தாமதமானவர்களில் 41 சதவீதம்.

அப்படியானால் காய்ச்சல் வந்த எல்லோருக்கும் பூஞ்சை மருந்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அந்த மருந்துகளுக்குப் பக்கவிளைவு உண்டு. தேவையில்லாமல் கொடுக்கக் கொடுக்க, மருந்துக்கு அடங்காத பூஞ்சைகள் பெருகும். அதனால் ஆய்வகத்தின் பதிலுக்காக மருத்துவர் காத்திருக்கிறார்.

ஏன் அவ்வளவு ரத்தம் எடுக்கிறார்கள்?

நம் நோயாளியின் இரண்டு கைகளிலிருந்தும் தாதி ரத்தம் எடுக்கிறார். ஒரு கைக்கு 20 மில்லி. அதை இரண்டு புட்டிகளில் பத்துப் பத்து மில்லியாக நிரப்புகிறார். இரு கைகளுக்கும் சேர்த்து 40 மில்லி. “ஏற்கெனவே பலவீனமாக இருக்கிறார், இவ்வளவு ரத்தம் எடுக்க வேண்டுமா?” என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு.

இதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது. ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் சிவப்பணுக்கள் மட்டும் ஏறத்தாழ 25 லட்சம் கோடி. பூஞ்சைச் செல்களோ மிகக் குறைவு. பல நோயாளிகளிடம் ஒரு மில்லிக்கு ஒன்றுகூட இருப்பதில்லை.

உதாரணத்துக்கு, 20 மில்லிக்கு ஒரு செல் என்ற அளவில் பூஞ்சை ரத்தத்தில் சிதறிக் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மில்லி ரத்தம் எடுத்தால், அதில் ஒரு செல்லாவது சிக்குவதற்கான வாய்ப்பு 39 சதவீதம். 20 மில்லி எடுத்தால் 63 சதவீதம். 40 மில்லி எடுத்தால் 86 சதவீதம். ஆய்வகத்தில் எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரம் இருந்தாலும், புட்டிக்குள் வராத பூஞ்சையை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

புட்டிக்குள் நடப்பது என்ன?

புட்டியில் கிருமி வளர்வதற்கான ஊட்ட திரவம் இருக்கிறது. அதை உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் வைத்து, இயந்திரம் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கும். இதைத்தான் பிளட் கல்ச்சர் என்கிறோம்.

இட்லி மாவைப் புளிக்க வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகி வாயுவை வெளியிடுகின்றன, மாவு பொங்குகிறது. புட்டிக்குள்ளும் அதேதான். சிக்கியது ஒரே ஒரு செல் என்றாலும், அது இரண்டாகி, நான்காகி, கோடிக்கணக்கில் பெருகும்போது கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது. புட்டியின் அடியில் உள்ள உணரி அதைக் காட்டிக்கொடுக்கிறது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இயந்திரம் அதைப் படிக்கிறது. அளவு கூடினால் எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது.

வேகமாக வளரும் பாக்டீரியா பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இந்த ஒலியை எழுப்பிவிடும். கேண்டிடாவுக்குப் பொதுவாக இரண்டு மூன்று நாள் ஆகும். அதன் கிளாப்ராட்டா இனம் இன்னும் தாமதிக்கும். நம் நோயாளியின் புட்டி வியாழன் இரவு 11 மணிக்கு ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் எடுத்து 53 மணி நேரம் கடந்துவிட்டது.

பணியில் இருக்கும் ஆய்வகப் பணியாளர் புட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, கிராம் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார். பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிய, ஊதா நிற முட்டை வடிவங்கள். சிலவற்றின் ஓரத்தில் சின்ன மொட்டு. ஈஸ்ட்தான், சந்தேகமில்லை.

அடுத்து அவர் செய்வது தொலைபேசியை எடுப்பது. கணினியில் பதிந்துவிட்டுக் காலைவரை காத்திருக்கக் கூடாத முடிவு இது. தோலில் உள்ள சில பாக்டீரியாக்கள் ரத்தம் எடுக்கும்போது தவறுதலாகப் புட்டிக்குள் வந்துவிடுவது உண்டு. கேண்டிடா விஷயத்தில் அப்படி நினைத்து ஒதுக்கக் கூடாது. ஒரு புட்டியில் வந்தாலும் அதை உண்மையான தொற்றாகவே கருதி சிகிச்சை தர வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி.

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அன்றிரவே மருந்து தொடங்குகிறது.

பெயர் ஏன் முக்கியம்?

கேண்டிடா என்பது குடும்பப் பெயர் மாதிரி. அதற்குள் பல இனங்கள். ஆல்பிகன்ஸ் பொதுவாக ஃபுளூகோனசோலுக்கு அடங்கிவிடும். குரூசியை இயல்பிலேயே அந்த மருந்துக்கு அடங்காது. பெயர் தெரிந்தாலே மருந்துத் தேர்வில் பாதி முடிந்துவிடும்.

எந்த இனம் அதிகம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. 2010 ஜூலை முதல் ஓராண்டு சீனா, ஹாங்காங், இந்தியா, சிங்கப்பூர், தைவான், தாய்லாந்து ஆகிய இடங்களின் 25 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் பதிவான ரத்தத் தொற்றுகள் 1,601. மருத்துவமனையில் சேர்ந்து வெளியேறுவோரில் ஆயிரத்துக்கு 1.22 என்பது சராசரி விகிதம். ஆல்பிகன்ஸ் 41 சதவீதம். அடுத்து டிராபிகாலிஸ் 25 சதவீதம். இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் நடந்த மற்றோர் ஆய்வில் டிராபிகாலிஸ்தான் முதலிடம்: சுமார் 42 சதவீதம். வெளிநாட்டுப் பாடநூலை மட்டும் வைத்து நம்மூர் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. அதனால்தான் சாங்கி, சிங்கப்பூர் பொது மருத்துவமனை, கேகே மகளிர் சிறார் மருத்துவமனை ஆகியவற்றின் ஆய்வகங்கள் தங்களிடம் வளர்ந்த ரத்தப் பூஞ்சைகளை ஒன்றாக ஆராய்ந்து, எது எந்த மருந்துக்கு அடங்குகிறது என்பதை 2008இலேயே வெளியிட்டன.

பெயரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பழைய வழி ஒன்று இன்றும் பயன்படுகிறது. ரத்த நீர்மத்தில் பூஞ்சையைக் கலந்து 37 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், ஆல்பிகன்ஸ் செல்லிலிருந்து முளை மாதிரி ஒரு குழல் நீளும். பெரும்பாலான மற்ற இனங்களில் நீளாது. இன்னொரு வழி, நிறம் காட்டும் வளர்ப்புத் தட்டு. அதில் ஆல்பிகன்ஸ் பச்சையாகவும் டிராபிகாலிஸ் நீலமாகவும் குரூசியை இளஞ்சிவப்பாகவும் வளரும். இதற்கு இரண்டு நாள் வேண்டும்.

இப்போது பெரிய ஆய்வகங்களில் இருப்பது மால்டி-டாஃப் என்ற கருவி. தட்டில் வளர்ந்த பூஞ்சையைத் துளி எடுத்து லேசர் ஒளியால் தாக்குகிறார்கள். அதன் புரதங்கள் மின்னூட்டம் பெற்று ஒரு குழாய்க்குள் பறக்கின்றன. எடை குறைந்தவை முன்னால் போகும்; கனமானவை பின்னால் வரும். யார் எப்போது வந்து சேர்ந்தார்கள் என்ற வரிசையே அந்த இனத்தின் கைரேகை. சில நிமிடங்களில் முடிவு தெரியும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் லேசரால் பறக்கவிடும் முறைக்காக ஜப்பானின் கோய்ச்சி தனாக்கா 2002இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் நோயாளியின் பூஞ்சை தட்டில் வளர ஒரு பகல் போதும் என்றால், வெள்ளி மாலை பெயர் தெரியும். எந்த மருந்துக்கு அடங்கும் என்ற மூன்றாம் கேள்விக்கு, பல அளவு மருந்துகளில் அதை வளர்த்துப் பார்க்க இன்னும் ஒன்றிரண்டு நாள். ஞாயிறு ஆகிவிடும்.

வளரும்வரை காத்திருக்காமல் முடியுமா?

முடியும். ஒரு வழி, பூஞ்சையைத் தேடாமல் அது விட்டுச்செல்லும் தடயத்தைத் தேடுவது. பெரும்பாலான பூஞ்சைகளின் செல் சுவரில் பீட்டா குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நம் உடல் அதைத் தயாரிப்பதில்லை. ரத்தத்தில் அது கூடியிருந்தால் பூஞ்சை எங்கோ இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்க உதவுவது குதிரைலாட நண்டு. சிங்கப்பூரில் மண்டாய், கிராஞ்சி சதுப்புநிலக் கரைகளில் சேற்றோடு சேறாகக் கிடக்கும் பழங்கால உயிரினத்தின் உறவுதான். அதன் நீல ரத்தத்தில் உள்ள செல்கள், கிருமியின் துகள் பட்டவுடன் உறைந்துபோகும். அந்த உறைவைத் தூண்டும் பொருள்களில் ஒன்று பீட்டா குளுக்கன். அமெரிக்க, ஜப்பானியக் குதிரைலாட நண்டுகளின் ரத்தச் செல்களிலிருந்து இந்தச் சோதனைப் பொருளைத் தயாரிக்கிறார்கள்.

இதற்குக் குறையும் உண்டு. டயாலிசிஸ் சவ்வு, அறுவை சிகிச்சையில் வைக்கும் பருத்தித் துணி, ரத்தத்திலிருந்து தயாரித்த சில மருந்துகள் ஆகியவற்றிலிருந்தும் பீட்டா குளுக்கன் ரத்தத்தில் கலக்கும். அதனால் சோதனை ‘இருக்கிறது’ என்று சொல்வதைவிட ‘இல்லை’ என்று சொல்லும்போதுதான் அதிகம் நம்பலாம். எந்தப் பூஞ்சை என்றும் அது சொல்லாது.

இன்னொரு வழி, பூஞ்சையின் டிஎன்ஏவை ரத்தத்திலேயே தேடுவது. 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த ஒரு கருவி, புட்டியில் வளர்க்காமலே 5 கேண்டிடா இனங்களைச் சுமார் நான்கு, ஐந்து மணி நேரத்தில் கண்டுபிடிக்கிறது. நம் நோயாளிக்குச் செவ்வாய் இரவே பதில் கிடைத்திருக்கும்.

ஆனால் அந்த ஐந்தைத் தவிர ஆறாவது இனம் வந்தால்? கருவி ‘இல்லை’ என்று சொல்லிவிடும். வேகமான சோதனை, தேடச் சொன்ன ஆளை மட்டுமே தேடும். இந்த விஷயம் எவ்வளவு பெரியது என்பதைக் கற்றுத்தந்தது ஒரு புதிய பூஞ்சை.

பொய்க் கடப்பிதழில் வந்தவர்

2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தோக்கியோவில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த பூஞ்சையைப் புதிய இனமாக அறிவித்தார்கள். லத்தீனில் காதுக்கு ‘ஆரிஸ்’ என்று பெயர். அது கேண்டிடா ஆரிஸ் ஆனது. 2013இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர், அந்நகர மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் அது இருந்ததை வெளியிட்டார்கள்.

அதுவரை அது ஏன் பலர் கண்ணில் படவில்லை? ஆய்வகங்களில் இருந்த தானியங்கிக் கருவிகள், எந்தெந்தச் சர்க்கரையைப் பூஞ்சை உண்கிறது என்று பார்த்து, தங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். பட்டியலில் ஆரிஸ் இல்லை. அதனால் கிட்டத்தட்டப் பொருந்திய ‘ஹெமுலோனி’ என்ற பெயரைக் கொடுத்துவந்தன. இந்திய மருத்துவமனைகளில் ஹெமுலோனி என்றும் ஃபமாட்டா என்றும் பெயரிடப்பட்ட 102 மாதிரிகளை, மரபணு வரிசையைப் படித்து மறுபடி சோதித்தபோது, 88 சதவீதம் ஆரிஸ் என்று தெரிந்தது. இது 2015இல் வெளியான முடிவு.

பெயர் மாறினால் என்ன என்று விட்டுவிட முடியாது. ஆரிஸ் பெரும்பாலும் ஃபுளூகோனசோலுக்கு அடங்காது. கட்டில், மேசை, கருவிகள் ஆகியவற்றின் மேல் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும். பெயர் தவறினால் மருந்தும் தவறும், தனிமைப்படுத்தும் ஏற்பாடும் தவறும். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில், முதல் நிலையில் உள்ள நான்கில் ஆரிஸும் ஒன்று.

சிங்கப்பூரில் முதல் 3 ஆரிஸ் நோயாளிகளைப் பற்றி 2018இல் சிங்கப்பூர் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2023 ஏப்ரலில் அதே மருத்துவமனையில் வழக்கமான சோதனையின்போது ஒரு நோயாளியிடம் ஆரிஸ் தென்பட்டது. அவர் அண்மை ஆண்டுகளில் வெளிநாடு போனவர் இல்லை. அதன் மரபணுத் தொகுதியைச் சிங்கப்பூர் மரபணுத்தொகுதி ஆய்வுக் கழகத்துடன் சேர்ந்து படித்தபோது, உலகில் அதுவரை தெரிந்திருந்த ஐந்து கிளைகளில் எதிலும் அது சேரவில்லை. அது ஆறாவது கிளை. 2024இல் அந்த முடிவு லான்செட் மைக்ரோப் இதழில் வெளியானது.

இந்தக் கண்டுபிடிப்பு ஏன் முடிந்தது என்பதைக் கவனியுங்கள். பூஞ்சையை உயிரோடு வளர்த்துக் கையில் வைத்திருந்தார்கள். அதனால்தான் அதன் முழு மரபணுத் தொகுதியைப் படிக்கவும், மருந்துகளைச் சோதிக்கவும், பழைய மாதிரிகளோடு ஒப்பிடவும் முடிந்தது. நான்கு மணி நேரத்தில் பதில் தரும் கருவி நோயாளியின் உயிரைக் காக்க வேண்டும். மூன்று நாள் எடுக்கும் புட்டியும் தட்டும், அந்தக் கருவிக்குத் தெரியாதவரைப் பிடிக்க வேண்டும். ஒன்று வந்ததும் மற்றதைக் கைவிட்டால், அடுத்த பொய்க் கடப்பிதழும் செல்லுபடியாகிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

சிங்கப்பூரில் வாழும் தமிழர்கள் பலர் சென்னையிலோ மதுரையிலோ சிகிச்சை பெற்றுத் திரும்புகிறார்கள். அங்கிருந்து இங்கு வருவோரும் உண்டு. மருத்துவமனையில் சேரும்போது, வேறு நாட்டில் எந்த மருத்துவமனையில், எப்போது தங்கினீர்கள் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்தால் அவமதிப்பாக நினைக்க வேண்டாம். ஆரிஸ் தோலில் தங்கும் இடங்கள் அவை.

உறவினர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள். “கழுத்துக் குழாய் இன்னும் தேவையா?” என்று மருத்துவரிடம் கேட்கலாம், தேவை முடிந்த குழாயை எடுத்துவிடுவது பூஞ்சைக்கு வழி அடைப்பதுதான். ரத்தத்தில் கேண்டிடா உறுதியானால், பூஞ்சை நீங்கும்வரை திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பார்கள். கண் மருத்துவரும் வந்து விழித்திரையைப் பார்ப்பார். ரத்தத்தில் பூஞ்சை இல்லை என்று உறுதியான பிறகும் பொதுவாக 14 நாள் மருந்து தொடரும். “காய்ச்சல்தான் போய்விட்டதே” என்று நடுவில் நிறுத்தச் சொல்லக் கூடாது.

தாதி இரண்டாவது கையையும் நீட்டச் சொன்னால், அந்த 39, 86 சதவீதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.